தலையணையில் ஏழு முடி

காற்று சீசன் முடிகிற சமயம். ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலைக் கோபுரத்துக்குள் ஏணி வழியாக உச்சிவரை ஏறி, போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். தரையில் கால் பட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சுப் பட்டையெல்லாம் முடி. ஒரு குருவி கூடு கட்ட ஆரம்பித்துவிட்டு, யோசனை மாறிப் பறந்துபோன மாதிரி இருந்தது. கூட வேலை பார்க்கும் பிரவின் எட்டிப் பார்த்தான்.

"மக்கா, உள்ள என்ன, பூனை கெடந்து உறங்குதா?"

சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அந்த யோசனை வந்துவிட்டது. இதை நானே கண்டுபிடித்து நானே சரிசெய்துவிடலாம்! டாக்டரிடம் போகலாம் என்று தோன்றவே இல்லை. பல்லுக்குப் போகலாம், வயிற்றுக்குப் போகலாம். முடிக்கு யாராவது போவார்களா? நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். இத்தனை பெரிய இறக்கை எதனால் அதிர்கிறது என்று கண்டுபிடிக்கிறவனுக்கு இது ஒரு விஷயமா?

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் நான் பட்டதை எழுதுகிறேன். எது எதனால் வந்தது என்று முழுத் தெளிவு இன்னும் எனக்கு இல்லை. ஆனாலும் யாருக்காவது சீப்பிலோ ஹெல்மெட்டிலோ இதே காட்சி தெரிந்தால், நான் சுற்றிய சுற்றை அவர்கள் சுற்ற வேண்டாம்.

எங்கள் வீடு குழித்துறைக்குப் பக்கம். அப்பா, அம்மா, ஷீபா அக்கா, நான். அக்காவின் கணவர், என் அத்தான், கத்தாரில் இருக்கிறார். ஹெல்மெட்டைப் பார்த்த மறுநாளே போனில் எக்செல் தாள் ஒன்று திறந்தேன். தலையணையில் எத்தனை, சீப்பில் எத்தனை, குளியலறைச் சல்லடையில் எத்தனை, ஹெல்மெட்டில் எத்தனை என்று நாலு கட்டம். காலையில் கண் விழித்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எண்ணுவேன். தலையணையில் மட்டும் அறுபதுக்குக் குறையாது.

"ஏலே, விடிஞ்சதும் எழும்பி முடியா எண்ணுத?" என்று அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். "தலமுடியெல்லாம் எண்ணியிருக்குன்னு பைபிள்ல இருக்குல்லா. எண்ண வேண்டியவரு எண்ணிக்கிடுவாரு. நீ போய் பல்லத் தேய்."

போனில் பார்த்ததை எல்லாம் செய்தேன். சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், அரைத்துச் சாறு தேய்த்தேன். கம்பெனி ஜீப்பில் எல்லாரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். ஷாம்பு மாற்றினேன். ஹெல்மெட்டுக்குள் பருத்தித் துணி வைத்துத் தைத்தேன். கட்டங்களில் எண் குறையவில்லை.

அந்த வாரம் கத்தாரில் அத்தானோடு வேலை பார்க்கும் கூட்டுக்காரர் ஒருவர் ஊருக்கு வந்தார். அவர் கையில் அத்தான் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். கல்ஃப் பெட்டி திறப்பது எங்கள் பக்கத்தில் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கட்டிலில் கொட்டி, ஆளாளுக்குக் கை நீட்டுவோம். சோப்பு, ஸ்ப்ரே, பால்பொடி டின், தைலம், பாதாம், சாக்லேட். அதில் அக்காவுக்கென்று ஒரு குப்பி இருந்தது. முடிக்கும் நகத்துக்குமான வைட்டமின், பயோட்டின் என்று எழுதியிருந்தது. அக்கா ஒன்று தின்றுவிட்டு, "குமட்டுது சவம்" என்று அலமாரியில் சாக்லேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். நான் எடுத்தேன். நாளுக்கு ஒன்று என்று ஒட்டுத்தாளில் போட்டிருந்தது. நான் மூன்று. ஒன்றுக்கு இவ்வளவு வளர்ந்தால் மூன்றுக்கு எவ்வளவு!

இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். சோப்போடும் சாக்லேட்டோடும் ஒரே பெட்டியில் வருவதை எங்கள் வீட்டில் யாரும் மருந்து என்று நினைத்ததே இல்லை. அது கல்ஃப் சாமான், அவ்வளவுதான்.

மூன்று வாரம் போயிருக்கும். கம்பெனியில் வருடாந்தர உடல் தகுதிப் பரிசோதனை வந்தது. காற்று நின்ற பிறகுதான் பராமரிப்பு வேலை அதிகம், தினமும் ஏற வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் எல்லாருக்கும் சர்டிபிகேட் வேண்டும். என் நாடித்துடிப்பு நூற்றுப்பன்னிரண்டு இருந்தது. ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கூப்பிட்டுத் தாளை நீட்டினார். தைராய்டு அதிகம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வது அதன் ஹார்மோன்தான். அந்தச் சுரப்பிக்குக் கட்டளை போவது மூளைக்கு அடியில் இருந்து. அந்தக் கட்டளைக்கு டி.எஸ்.எச். என்று பெயர். சுரப்பி தன்னிஷ்டத்துக்கு அதிகமாகச் சுரந்தால் மேலே இருந்து கட்டளை நின்றுபோகும். என் தாளில் ஹார்மோன் மிக அதிகம், கட்டளை ஏறக்குறைய பூஜ்யம். ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி. அப்படி ஆனால் துடிப்பு கூடும், எடை குறையும், முடி கொட்டும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரணம் கிடைத்துவிட்டதே!

"சிரிக்காத மக்கா," என்றார் சூப்பர்வைசர். "சர்டிபிகேட் வாற வரைக்கும் ஏணிப் பக்கம் போகாத. மேல வச்சு தலை சுத்திச்சுன்னா உனக்க வீட்டுல நான் என்ன சொல்லுவேன்? இந்தப் பராமரிப்பு தொடங்குறதுக்குள்ள கிடைக்கலன்னா ஸ்டோர்ல ஒரு ஸ்டூல் போட்டுத் தாறேன். நட்டு எண்ணிட்டு இரி."

அப்போதுதான் சிரிப்பு நின்றது. நான் பயிற்சிக்காலத்தில் இருக்கிறவன். ஸ்டோருக்குப் போனவர்கள் திரும்ப ஏணிக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. மேலே போய் மூடியைத் தள்ளித் திறந்து, இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டினால், ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் தூரத்தில் வெள்ளிக் கோடாகக் கடல். அதற்காகத்தான் அந்த வேலைக்கே சேர்ந்தேன். அம்மாவிடம் சம்பளத்துக்காக என்று சொல்லியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டோக்கன் நாற்பத்திரண்டு. காத்திருந்த இடத்தில் மின்விசிறி ஒன்று தலையை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேரிங் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். "உனக்குப் போனதப் பாரு," என்றாள்.

டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. கழுத்தைத் தடவினார், எச்சில் விழுங்கச் சொன்னார், கைவிரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்தார். தைராய்டு கூடினால் கை நடுங்கி, தாளும் நடுங்க வேண்டுமாம். நடுங்கவில்லை. அவர் புருவம் சுருங்கியது.

"ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது, ஆள் வேற சொல்லுது. துடிப்பு வேற கூடியிருக்கு. மூணு நாலு நாள் படுங்க, இருதயத்தையும் பார்த்திருவோம். வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார்."

பொய் சொல்லவில்லை. மனதாரச் சொன்னேன். குப்பி குழித்துறையில் அலமாரியில், சாக்லேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த நாலு நாளில் என்னவெல்லாம் பார்த்தார்கள்! ஈ.சி.ஜி. என்றால் இருதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரைவது. எக்கோ என்றால் ஒலி அலையை அனுப்பி இருதயம் சுருங்கி விரிவதைப் படமாகப் பார்ப்பது. அந்தத் திரையில் என் இருதய வால்வு படபடவென்று திறந்து மூடுவதைப் பார்த்து, இது எத்தனை வருஷம் தாங்கும் என்று டெக்னீஷியனிடம் கேட்டேன். "அசையாம படுங்க தம்பி," என்றார். பிறகு நெஞ்சில் நாலைந்து இடத்தில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டினார்கள். ஒரு முழு நாள் துடிப்பைப் பதிவுசெய்கிற பெட்டி. அதோடு வராந்தாவில் இருபது தடவை நடந்தேன். நர்ஸ் பிடித்துக்கொண்டுவந்து படுக்கவைத்தார்.

அம்மா கூடவே இருந்தாள். வெளியே போய் கஞ்சியும் பயறும் வாங்கிவருவாள். பில் கவுண்டருக்கு என்னை ஒரு தடவைகூட விடவில்லை. அதைப் பற்றி எழுதினால் திட்டுவாள், விடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலும் எக்செல் நிற்கவில்லை. முதல் நாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து தலையணையைப் பார்த்தேன். ஏழு! மறுநாள் ஒன்பது. அடுத்த நாள் மறுபடி ஏழு. நாலாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சாதாரணம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். இருதயமும் நன்றாக இருந்தது.

"முதல் லேப்ல ஏதாவது மாறியிருக்கலாம். ஒரு வாரம் கழிச்சு ஒண்ணுகூடப் பார்த்துட்டு சர்டிபிகேட் தாறேன்."

வீட்டுக்கு வந்தோம். நாலு நாள் வைட்டமின் விட்டுப்போச்சே என்று அதற்கும் சேர்த்துத் தின்ன ஆரம்பித்தேன். தலையணையில் ஐம்பத்தெட்டு. ஒரு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். மறுபடி பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

இப்போது எனக்குக் குழப்பம் உச்சிக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் இருந்தால் சுகம், வீட்டுக்கு வந்தால் நோய். முடியும் அதையே சொல்கிறது, ரத்தமும் அதையே சொல்கிறது. அப்படியானால் நோய் வீட்டில்தான் இருக்கிறது! வீட்டில் என்ன புதுசு? வைகாசியில் அப்பா போர்வெல் போட்டார். அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர். ஆக, போர் தண்ணீர்தான். நான் சாப்பாட்டு மேசையில் எக்செல்லைக் காட்டி இதை நிரூபித்தேன். போருக்கு இடம் பார்த்ததே அப்பாதான். எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் நான் குளிக்கப் போனால், பழைய கிணற்றின் உருளைக்கு எண்ணெய் போட்டு, புதுக் கயிறு கட்டி, இரண்டு வாளி தண்ணீர் இறைத்து வைத்திருந்தது.

கிணற்றுத் தண்ணீரிலும் முடி கொட்டியது.

நாகர்கோவில் டாக்டர் இந்தத் தடவை லேப்பைக் குறை சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அதற்குப் பிறகு சுரப்பியை அடக்குகிற மாத்திரை, ஒருவேளை ஒன்றரை வருஷம். அந்த மாத்திரை சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும்.

"ஏணி ஏறலாமா சார்?"

"இப்போதைக்கு வேண்டாம்."

அன்றைக்குச் சாயங்காலம் அக்காதான் வெடித்தாள்.

"ஏலே அஜின், உனக்கு என்ன கொட்டிச்சு?"

"முடி."

"கழுத்துக்கு டாக்டரப் பாத்தாச்சு. நெஞ்சுக்குப் பாத்தாச்சு. பாவம் அப்பாக்க போரையும் பாத்தாச்சு. முடிக்கு யாரையாவது பாத்தியா?"

பார்க்கவில்லை. பைக்கில் அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு குழித்துறையில் சாயங்காலம் பார்க்கிற தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் என் எக்செல்லைப் பார்க்கவே இல்லை. தலையை விளக்குக்கு நேராகக் குனியச் சொன்னார். ஒரு கொத்து முடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தார். எட்டுப்பத்து கையோடு வந்தது. ஒன்றை எடுத்து வேர்ப்பக்கம் காட்டினார். நுனியில் வெள்ளையாக, குண்டூசித் தலை மாதிரி.

"மூணு நாலு மாசத்துக்கு முன்னால பெருசா காய்ச்சல் வந்ததா?"

ஆனியில் டெங்கு. ஒரு வாரம் கிடந்தேன். அதற்கும் இதற்கும் என்ன? அவர் சொன்னார். தலையில் பெரும்பாலான முடி வளர்ந்துகொண்டிருக்கும், கொஞ்சம் ஓய்வில் இருக்கும். பெரிய காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று எடை குறைவது மாதிரி ஏதாவது வந்தால் உடம்பு ஏகப்பட்ட முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வு முடிந்ததும், அதாவது இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாம் மொத்தமாக உதிரும். டெலோஜன் எஃப்ளூவியம் என்று அதற்குப் பெயர். அதற்குள் நாம் காய்ச்சலை மறந்துவிட்டு ஹெல்மெட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது தானாகவே நின்று, முடி மறுபடி வளரும்.

"அதுக்காக எல்லாரும் தானா நிக்கும்னு இருக்கக் கூடாது," என்றார். எனக்காக அவர் சொன்னதை உங்களுக்காகவும் எழுதிவைக்கிறேன். நாளுக்கு நூறு வரை விழுவது சாதாரணம். திடீரென்று கைநிறைய வந்தால், வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தால், தலை அரித்தால், வலித்தால், செதில் கட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முடி போன இடத்தில் தோல் பளபளவென்று துளையே தெரியாமல் ஆகிவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். அந்த வகையில் வேர் செத்துவிட்டால் திரும்ப வராது. புருவம் உதிர்வது, கூடவே மூட்டுவலி, வாய்ப்புண், அசதி, பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவது, சின்னப் பிள்ளைகளுக்கு முடி கொட்டுவது, இவையும் டாக்டரிடம் போக வேண்டியவை. இதெல்லாம் முடியைப் பற்றியது மட்டுமில்லை, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

"சரி, வேற ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"இல்ல டாக்டர்."

"டாக்டரே, இவன் எனக்க குப்பியக் காலி பண்ணிட்டான்," என்றாள் அக்கா.

"அது மருந்தில்லக்கா. கல்ஃப் பெட்டில வந்தது."

அக்கா பையிலிருந்து குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். தான் தின்னலாமா என்று கேட்பதற்காகக் கொண்டுவந்திருக்கிறாள். டாக்டரம்மா ஒட்டுத்தாளைப் படித்தார். குப்பியைக் குலுக்கினார். அடியில் நாலைந்து மட்டும் சத்தம் போட்டன.

"நாளுக்கு எத்தனை?"

"மூணு."

"ரத்தம் குடுக்கப் போன அன்னைக்கு?"

"காலையில எழும்பினதும் தின்னுட்டுத்தான் போனேன். வெறும் வயித்துலதான் போகச் சொன்னாங்க, இது சாப்பாடு இல்லியே."

"ஆஸ்பத்திரியில கிடந்தப்போ?"

"கொண்டு போகல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு விஷயம் புரிவதற்கு முன்னால் காது சூடானது.

பல லேப்களில் ஹார்மோனை அளக்கிற மெஷின் அதைப் பிடித்துநிறுத்த ஒரு பசை மாதிரி பயன்படுத்துவதே இந்த பயோட்டினைத்தானாம். ரத்தத்தில் வெளியிலிருந்து வந்த பயோட்டின் நிறைந்து கிடந்தால் பசை போக வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். மெஷின் கணக்குத் தப்பி, இருப்பதை இல்லை என்றும், இல்லாததை மிக அதிகம் என்றும் சொல்லும். எல்லா மெஷினும் அப்படியில்லை, ஆனால் நிறைய அப்படித்தான். மாத்திரையை நிறுத்திச் சில நாளில் ரத்தம் தெளிந்துவிடும். நான் ஆஸ்பத்திரியில் சுகமானது அப்படித்தான். இல்லாத நோய் குணமானது!

"இன்னையோட நிறுத்து. பத்து நாள் கழிச்சு ரத்தம் குடு. அந்த டாக்டருக்கு நானே எழுதித் தாறேன். ஸ்கேன், மாத்திரை எல்லாம் அதுக்கப்புறம் அவர் பாத்து முடிவு பண்ணட்டும்."

வெளியே வந்ததும் அக்கா, "எனக்குக் குமட்டினது நல்லதாப் போச்சு, இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கழுத்துல ஸ்கேன்," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று இடித்தது. ரத்தத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் தலையணை? மாத்திரையை நிறுத்தினால் மெஷின் ஏமாறாமல் இருக்கலாம். முடி எப்படி ஏழாகும்?

வீட்டில் இதைச் சத்தமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"அது நான்தான் மக்கா."

"எது?"

"நீ மொகம் கழுவப் போவும்போ தலவாணியத் துடச்சு எடுத்திருவேன். எண்ணி எண்ணி உனக்க மொகம் வாடுறதப் பாக்க முடியல. முழுசா எடுத்தா நீ கண்டுபிடிச்சிருவியே. அதான் கொஞ்சம் விட்டு வச்சேன்."

ஏழு. அம்மா விட்டுவைத்த ஏழு. அந்த ஏழு முடியை வைத்து நான் அப்பாவின் போரைக் குற்றவாளியாக்கியிருந்தேன். அன்றைக்கே அப்பாவிடம் போய், "போர் தண்ணி நல்ல தண்ணிதான்," என்றேன். "எனக்குத் தெரியும்," என்றார்.

பத்து நாள் கழித்துக் கொடுத்த ரத்தம் சாதாரணமாக இருந்தது. நாகர்கோவில் டாக்டர் கடிதத்தை வாசித்துவிட்டு, தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டேன். பெட்டில என்ன வந்ததுன்னு கேட்டிருக்கணும்," என்றார். துடிப்பு இன்னும் தொண்ணூற்றாறு இருந்தது. பயத்தினால் இருக்கும் என்றார். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

முடி இன்னும் கொட்டுகிறது. முன்நெற்றியில் மெல்லிசாக ஏதோ முளைத்திருக்கிற மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. காய்ச்சல்தான் காரணம் என்று டாக்டரம்மா சொல்கிறார். நம்புகிறேன், ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் கட்டம் எதுவும் இல்லை. குறையாவிட்டால் தை மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். எக்செல்லை நேற்று அழித்தேன். அழிக்கும் முன்னால் ஒரு தடவை பார்த்தேன்.

திங்கட்கிழமை ஏணிக்குப் போகிறேன். பிரவின் ஏற்கெனவே செய்தி அனுப்பிவிட்டான்: பூனைக்குப் பால் கொண்டுவரவா என்று. உச்சி வரை ஏறி, மூடியைத் திறந்து, கடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவேன். தரையில் கால் பட்டதும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே பார்க்காமல், அப்படியே கவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு நடந்துபோக முடிகிறதா என்று பார்க்கப் போகிறேன்.